அழாமல் கடந்த தெரு

ரேணுகாம்பாள் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கோயில்களுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். வெளியூர்க்காரர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி இறங்குவார்கள். சன்னதித் தெருவில் கருங்கல் பாவியிருக்கும். எந்த மழைக்கும் தண்ணீர் தேங்காது. அந்தக் கற்களைப் பதித்த கொத்தனார்களில் ஒருவர் அவளுடைய அப்பா அப்பாதுரை. அவர்கள் குடியிருப்பதோ ஊர்க்கோடியில், கால்வாய்க்கரைக் காலனியில். ஒரு மழை போதும், சாக்கடை வீட்டுக்குள் வந்துவிடும்.

போன ஐப்பசி மழையில், தண்ணீர் சூழ்ந்த கட்டிலிலேயே அப்பாதுரை இறந்துபோனார். சவ வண்டிக்காரர் போனிலேயே மறுத்துவிட்டார்.

"தண்ணியில இன்ஜின் போயிடும்மா."

இடுகாட்டுக்குப் போகும் தரைப்பாலமும் மூழ்கிக் கிடந்தது. ஊருக்குள் சுற்றிக்கொண்டு, சன்னதித் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

"என் வண்டியில எடுத்துக்கினு போலாம்" என்றாள் ரேணுகாம்பாள்.

தம்பி இளவரசன் தயங்கினான். "பொம்பள, நீ இடுகாட்டுக்கு வரலாமாக்கா?"

"வேற யாருபா ஓட்டுவா?"

அக்கம்பக்கத்து ஆண்கள் உடலைத் தண்ணீரில் சுமந்துவந்து, மேட்டில் நின்ற ஆட்டோவில் ஏற்றினார்கள். படுக்கவைக்க இடமில்லை. இளவரசன் அப்பாவை உட்காரவைத்துத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

சன்னதித் தெரு முனையில் தடுப்பு வைத்திருந்தார்கள். அன்று உற்சவம்; மழையும் விட்டிருந்தது. பட்டுப்புடவைப் பையோடு ஓர் அம்மாள், "கோயில் வாசலுக்குப் போவுமா?" என்று கை நீட்டி, உள்ளே பார்த்ததும் பின்வாங்கினாள். காவலர் வந்தார். அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டிய துணியைப் பார்த்தார்.

"சாமி பொறப்படற நேரம். இந்த வழியா எப்படிம்மா வுடறது?"

"எங்க பாலம் முழுகிடுச்சி சார். வேற வழி இல்ல."

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். கோலம் போட்டு முடித்திருந்தார்கள். சற்று நின்றுவிட்டுத் தடுப்பை நகர்த்தினார்.

"சீக்கிரம் போயிடுங்க. அழுவாம போங்க. சத்தம் கேட்டா என்னைத்தான் கேப்பாங்க."

நாகசுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கோலத்தில் சக்கரம் ஏறாதபடி அவள் ஓரமாகவே ஓட்டினாள். கண்ணாடியில், அப்பாவின் தலை தம்பியின் தோளில் மெல்ல ஆடுவது தெரிந்தது. இளவரசன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தான்.

தெரு முடிந்து திரும்பியதும் வண்டியை நிறுத்தினாள். ஹேண்டில்பாரில் தலைசாய்த்து, வாய்விட்டு அழுதாள்.

இடுகாட்டில், குழி மூடும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு, காலனிப் பெண்களைத் திரட்டிக்கொண்டு தரைப்பாலத்தில் போய் உட்கார்ந்தாள். "எங்க பொணத்துக்காவது ஒரு வழி வுடுங்கபா" என்றாள். அதிகாரிகள் வந்து அளந்துபோனார்கள். பாலத்தை உயர்த்திக் கட்டும் வேலை இப்போது நடக்கிறது. கால்வாயை மட்டும் இன்னும் தூர்வாரவில்லை. அடுத்த ஐப்பசிக்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்த வேண்டுமென்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.