சுவிட்ச் அவர் கையில்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு துடியலூர். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. ப்ராஜெக்ட்டுக்கு மற்றவர்களெல்லாம் தண்ணீர்த் தொட்டி அலாரம், திருட்டு அலாரம் என்று கிளம்ப, நான் மட்டும் கொஞ்சம் மேதாவித்தனமாக, பார்வையில்லாதவர்கள் ஆடுவதற்கென்றே ஒரு பல்லாங்குழி செய்யப்போவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாமாவின் லேத் பட்டறையில் பதினாலு மரக்கிண்ணம் கடைந்து வாங்கினேன். அவற்றைப் பலகையில் பதிக்கும்போது ஒன்றின் அதிர்வு அடுத்ததற்குப் போகாமல் இருக்க, சைக்கிள் ட்யூபை வெட்டி ஒவ்வொன்றுக்கும் அடியில் மெத்தை வைத்தேன். அதற்குள்ளே, டேப் ரெக்கார்டரில் இருக்குமே, அந்தக் குட்டி மைக். குழியில் புளியங்கொட்டை விழுந்தால் 'பீப்' என்று கத்தும். வீட்டில் எல்லோரும் ஆடிப் பார்த்து மெச்சினார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பார்வைக் குறை கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

புதன்கிழமை ப்ராஜெக்ட் பரீட்சை. ரிப்போர்ட் பைண்டிங் ஆகி வந்துவிட்டது. பார்வையில்லாத ஒருவர் ஆடுவது போல ஒரு போட்டோ அதில் ஒட்டினால் எடுப்பாக இருக்குமே என்று ஞாயிற்றுக்கிழமை காமிராவோடு கிளம்பினேன். அப்பா வேலை பார்த்த மில்லில் ஒரு அக்கா டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. தங்கையோடு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். எனக்கு முன்பின் பழக்கமில்லை.

"வாங்க கண்ணு" என்று உட்கார வைத்தவர், கிண்ணங்களைத் தடவிப் பார்த்து, "நல்லா வழவழன்னு இருக்குதுங்க" என்றார். தங்கையை எதிரே உட்கார வைத்து ஆடினார். பீப், பீப், பீப். தோற்றுப்போனார்.

தங்கை வாயைப் பிளந்தாள். "அக்கா, நீ எங்கிட்டத் தோத்து எத்தனை வருஷமாச்சு!"

அக்கா சங்கடமாக நெளிந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்திப்போடலாமுங்களா?"

நிறுத்தினேன். அடுத்த ஆட்டத்தில் தங்கையை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். கொட்டை விழும் சத்தத்திலேயே அது காலிக் குழியா, நிறைந்த குழியா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. என் பீப் அதை அமுக்கியிருக்கிறது. உதவி செய்யப் போன மகராசி, அவர் காதைப் பொத்தியிருக்கிறேன்! மூன்று மாத உழைப்பு. பரீட்சைக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

அக்கா குழிகளை வருடிக்கொண்டே இருந்தார். "நான் போடறது எனக்குத் தெரியுமுங்க. எதிர்ல இருக்கறவங்க சரசரன்னு போட்டுப்போடுவாங்க, எங்க விழுந்துச்சுன்னு பிடிபடறதில்லை. ஒவ்வொருக்காவும் பதினாலையும் தடவி எண்ணித்தான் நான் ஆடோணும். வாரவங்க ரெண்டு ஆட்டம் பொறுத்துக்குவாங்க. அப்புறம் அடுப்புல வேலை இருக்குதுன்னு எந்திரிச்சுருவாங்க. இவ ஒருத்திதான் உக்காருவா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குழிக்கு ஒரு சத்தமா வெச்சுத் தர முடியுங்களா? அவங்க ஆடறப்ப மட்டும் கேட்டாப் போதும். சுவிட்ச் என் கைல இருக்கட்டும்."

நான் சுவிட்சைப் பலகைக்குப் பின்னால், பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஆடுகிறவருக்கு அது எதற்கு என்ற நினைப்பு.

திங்கட்கிழமை பூராவும் ஒயரைப் பிரித்தேன், சேர்த்தேன், சுவிட்சை அவர் கைக்கு எட்டும் பக்கம் மாற்றினேன். செவ்வாய்க்கிழமை அந்த அக்கா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, தங்கையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, ஏழு ஸ்வரம். இந்தப் பக்கம் கீழ் ஸ்தாயி, அந்தப் பக்கம் மேல் ஸ்தாயி. நான் திருப்புளியால் ஒவ்வொன்றாகத் திருக, அவர் காதைச் சாய்த்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க... அய்யோ, ஜாஸ்தி... ஆங், அங்கயே உட்டுருங்க" என்று சொல்லச் சொல்லப் பதினாலும் சுருதி சேர்ந்தது.

பரீட்சைக்கும் அவரே வந்தார். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் எதிரே உட்கார்ந்து, வேகவேகமாகப் போட்டார். குழிகள் பாடின. அவர் முடித்ததும் அக்கா சுவிட்சை அமுக்கினார். எதையும் தடவாமல், நேராக மூன்றாவது குழிக்குக் கையைக் கொண்டுபோனார். எக்ஸாமினர் தோற்றார். மறுபடியும் தோற்றார். வரிசையில் மற்ற ப்ராஜெக்ட்டுகள் காத்திருக்க, "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டார் பாருங்கள், அப்போது அந்த அக்காவின் முகம் மலர்ந்ததை என்னால் மறக்கவே முடியாது. கையில் காமிரா இருந்தும் போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

மார்க் நன்றாகவே வந்தது. பலகையை அவரிடமே கொடுத்துவிட்டேன். இன்று பம்ப்செட்டுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் தொழிலில் இருக்கிறேன். பேனலுக்கு வரைபடம் போடுவதற்கு முன்னால், அதை இயக்கப்போகிறவரைத் தேடிப்போய் "சுவிட்ச் உங்களுக்கு எங்கே வேணும்?" என்று கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும், போட்டோவுக்காக வந்த ஒரு பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாத அந்த அக்காவுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.