சுமையில்லாத பெடல்

பெடல் மிதித்து ஓட்டும் கயாக் படகில் தீக்குச்சி கனத்தில் ஒரு பித்தளை ஆணி உண்டு. தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியை அதன் தண்டோடு பிணைத்திருப்பது அதுதான். விசிறியில் ஏதாவது சிக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் நொறுங்கக் கூடாது. அதனால் முதலில் ஒடிவதற்கென்றே அந்த ஆணியை மெலிதாகச் செய்கிறார்கள். தேயிலை ஆலையின் இயந்திரங்களிலும் இப்படிப்பட்ட ஆணிகள் உண்டு. ஆலையின் பராமரிப்பு வேலையைப் பார்த்த காலமெல்லாம் அவை ஒடியும்போது நான் நிம்மதியடைந்திருக்கிறேன். ஆலை எங்கேயும் மிதந்து போய்விடாது.

கயாக் என் மருமகனுடையது. ஏதோ ஓர் உற்சாகத்தில் வாங்கி, உற்சாகம் தீர்ந்ததும், ஈப்போவிலிருந்து மலைக்குக் காலியாகத் திரும்பும் காய்கறி லாரியில் ஏற்றி எனக்கு அனுப்பிவிட்டார். இருவர் உட்காரலாம்; பெடல் பின் இருக்கைக்கு மட்டும். ஓய்வு பெற்றவனுக்கு விளக்கப் புத்தகத்தை முழுதாகப் படிக்க நேரம் இருக்கிறது. கால் நீளும்போது முட்டி சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை முன்னால் தள்ளி வைத்தேன். தொளதொளவென்று கிடந்த சுக்கான் கம்பியை முறுக்கினேன். பெடலை மிதித்தால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்ததும் அடங்கியது. இயந்திரத்தை மேலே தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பெடல் மேலேயும் மற்றது கீழேயும் நிற்க வேண்டும். அப்போதுதான் விசிறியின் இரண்டு இதழ்களும் நேராக நின்று, படகின் அடியிலுள்ள நீளப் பிளவு வழியாக ஏறும். குறுக்கே நின்றால் ஏறாது. இதைச் செய்து செய்து பழகியிருந்தேன், வீட்டு வாசலில்.

தேயிலைத் தோட்டத்து டேமில் ஓட்ட, தோட்ட மேனேஜரான துரையிடம் அனுமதி வாங்கினேன். துரைக்கு என் மகள் வயதுகூட இல்லை. விண்ணப்பத்தில் பாதுகாப்பு நிபந்தனைகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அந்த வரியால்தான் என் மனைவி முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நீச்சல் தெரியாது. அவள் வந்ததற்கு ஓடைக்கீரையும் ஒரு காரணம். மேலே கியா பார்ம் காய்கறித் தோட்டங்கள் பக்கமிருந்து வரும் ஓடை டேமில் கலக்கும் இடத்தில் அது செழிப்பாக வளரும். மடியில் ஒரு பையும் கீரை அறுக்கும் கத்தியும் வைத்திருந்தாள்.

டேமில் மழை பெய்தால் உடனே கரையேற வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அன்று டேமில் நல்ல வெயில். கியா பார்ம் மலையின் மேல் மட்டும் கறுத்திருந்தது.

“ஏங்க, தண்ணி பால் ஊத்துன தே தாரிக் மாதிரி ஆயிருச்சு பாருங்க,” என்றாள்.

மேலே மழை, மண் வருகிறது என்று விளக்கினேன். மண்ணுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் இலைகள் வந்தன, உரச் சாக்கு வந்தது. காய்கறித் தோட்டங்களில் கூரையாகக் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று தண்ணீருக்குச் சற்றுக் கீழே வந்ததை நான் பார்க்கவில்லை. பெடல் இறுகியது. அழுத்தி மிதித்தேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த மிதியில் சுமையே இல்லை, கால்கள் காற்றில் சுற்றின.

ஆணி ஒடிந்துவிட்டது என்று அவளிடம் ஏறக்குறைய பெருமையோடு சொன்னேன். மாற்று ஆணி டப்பாவில் இருந்தது. அதை மாட்டுவதற்காக ஒரு பெடலை மேலே, ஒன்றைக் கீழே நிறுத்தி இழுத்தேன். இயந்திரம் அசையவில்லை. மறுபடி இழுத்தபோதுதான் உறைத்தது. ஆணி ஒடிந்த பிறகு பெடல் எப்படி நின்றாலும் விசிறிக்கு அது தெரியப்போவதில்லை. விசிறி அடியில் எங்கோ குறுக்கே நிற்கிறது, அதில் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். சற்று முன்வரை கரையில் எங்களுக்கு நேராக இருந்த பம்பு ஷெட் பின்னால் போயிருந்தது.

டேம் நிரம்பினால் ஒரு மூலையில் தாழ்வான சுவரின் மேல் உபரித் தண்ணீர் வழியும். காலையில் காய்ந்து கிடந்த சுவர் அது. இப்போது அதன் மேல் பழுப்பாகத் தண்ணீர் வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தான சிமெண்ட் படிகள், அடியில் பெயர்ந்த சிமெண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள். வேலையிலிருந்தபோது வருடா வருடம் அங்கே இறங்கிப் பார்த்தவன் நான். அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தண்ணீர் மட்டும்தான் பயம்.

துடுப்பை எடுத்துப் போடச் சொன்னேன். போட்டாள். படகு திரும்பியது, ஆனால் முன்னேறவில்லை. அடியில் அந்த விரிப்பு தண்ணீரை வாங்கி உப்பி எங்களை இழுத்துக்கொண்டு போனது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அந்த நாக்கை வைத்துக்கொண்டு, முதலில் பதறக் கூடாது, இரண்டாவது எடையைச் சமமாக வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ரெண்டாவது கெடக்கட்டும்,” என்றாள். “கத்தி இருக்கு. வேணுமா வேணாமா?”

பிளாஸ்டிக் படகுக்கு அடியிலிருந்து என் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. கைக்கு எட்டும். ஆனால் நான் கனத்த ஆள். நான் இடப்பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். அவள் வலப்பக்கம் சாய வேண்டும் என்றேன்.

“கவுந்துட்டா?”

“கவுராது.”

“அத எந்தப் பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்க?”

அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தியை, அதன் பிடி என் பக்கமாக இருக்கும்படி, நீட்டினாள். பிறகு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தாள்.

கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டேன். குளிர் எலும்பைத் தொட்டது. லைஃப் ஜாக்கெட் கழுத்தை நெரித்தது. தொய்ந்த பிளாஸ்டிக்கில் கத்தி வழுக்கியது. ஒரு கையால் இழுத்து விறைப்பாக்கினால்தான் அறுபட்டது. இழுத்தால் படகு இன்னும் சாய்ந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்து என் மடியில் தேங்கியது. சுவரின் இரைச்சல் இப்போது பேச்சை மூடும் அளவுக்கு இருந்தது. அறுத்தேன். இவள் இங்கே உட்கார்ந்திருப்பது நான் எழுதிய ஒரு வரியால் என்பதைத் தவிர வேறெதுவும் என் தலையில் ஓடவில்லை. கத்தி கை நழுவிவிட்டால் என்று நினைத்த கணத்தில் விரல்கள் மரத்தன.

கடைசி முறுக்கு அறுந்தபோது படகு துள்ளி நிமிர்ந்தது. விரிப்பு தண்ணீரில் வெள்ளையாக அகன்று, எங்களை விட வேகமாகப் போய், வேட்டி மடிவதுபோல் சுவர்மேல் மடிந்து மறைந்தது.

அவள் அதைப் பார்த்தாள். துடுப்பைப் போட ஆரம்பித்தாள். எந்த முறையும் இல்லாத போடல், சேறு வாருவதுபோல். முதலில் நின்ற இடத்திலேயே நின்றோம். பிறகு பம்பு ஷெட் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. கரையின் புல்லில் படகு மூக்கை முட்டியதும் அவள் முட்டிவரை சேற்றில் இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“நிறுத்துங்க.”

எதை என்று கேட்டேன்.

“கரைக்கு வந்துட்டோம் லா. நிறுத்துங்க.”

குனிந்து பார்த்தேன். என் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. விசிறியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெடல்களை எப்போதிலிருந்து மிதிக்கிறேன் என்று தெரியவில்லை. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அவள் சேற்றில் நடந்து பக்கத்தில் வந்து என் முட்டியில் கையை வைத்து அழுத்தினாள். பெடல் நின்றது. பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.