டிக் போடாத கட்டம்

ஆபீசில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "லேபுல ரிப்போர்ட் அடிக்கிற சாஃப்ட்வேர்ப்பா" என்பாள். "அப்போ பாதி டாக்டர்னு சொல்லு" என்று துணி கொடுக்க வருபவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வர இன்னும் நான்கே நாள் இருந்தது.

அந்த மென்பொருள் பதினோரு புராஜெக்டுகள், அதாவது தனித்தனிப் பகுதிகள், சேர்ந்தது. எது எதை நம்பி நிற்கிறது என்று காட்ட, நிரல் எழுதும் கருவியில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் இரண்டு பக்கங்கள். ஒன்றில் கட்டங்கள்: ரிப்போர்ட்டை அடிக்கும் 'அச்சு'க்கு முன்னால், அளவுகளைக் கணக்கிடும் 'கணக்கீடு' முடிய வேண்டுமென்றால் அங்கே டிக் போட வேண்டும். மற்றதில் வெறும் வரிசை. போன வருடம் 'அச்சு' புராஜெக்டைச் சேர்த்தபோது அவள் வரிசையை மட்டும் பார்த்தாள். கணக்கீடு மூன்றாவது, அச்சு நான்காவது. சரியாகத்தானே நிற்கிறது என்று டிக் போடாமலே மூடிவிட்டாள்.

சேர்த்த வரிசையில் அவை சும்மா நின்றிருந்தன, அவ்வளவுதான். எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டித்தரும் பழைய கணினி ஒவ்வொன்றாகக் கட்டியதால் குட்டு வெளிப்படவில்லை. புதிதாக வந்த கணினி, டிக் இல்லாதவற்றை ஒரே நேரத்தில் கட்டியது. அச்சு காத்திருக்கவில்லை, கணக்கீட்டில் அன்று செய்த திருத்தம் சேர்வதற்கு முன்பே பழையதை எடுத்துக்கொண்டது. ஒரு லேபில் இருநூறு பேருக்குச் சர்க்கரை அளவு தப்பாக அச்சாகிப் போனது.

"பில்டு போட்டது யாரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் பக்கத்து மேசை அக்கா. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வெளியே அனுப்பும் வேலை அவருடையது. ஆறு வருடமாக அதே வேலை, அதே நாற்காலி.

டிக் போடாமல் விட்டது அவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். கடிதம் கைக்கு வரட்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒன்றுதானா என்று மட்டும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அக்கா அவளைக் கூப்பிட்டு அந்த ஜன்னலைத் திறந்து காட்டினார்.

"பாருடி, மூணு, நாலுன்னு ஒழுங்காத்தான் நிக்குது. அப்புறம் எப்படி? பையனுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு. அந்த அவசரத்துல எதையோ தப்பா அமுக்கித் தொலைச்சிருக்கேன்."

டிக் கட்டங்கள் உள்ள பக்கம் ஒரே ஒரு சொடுக்குத் தூரத்தில் இருந்தது.

"தெரியலக்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. அக்கா வேலை போய், மேசையைக் காலி செய்தார். அப்பா அந்தக் கடிதத்தைச் சுருக்கம் போக இஸ்திரி போட்டு, கடைச் சுவரில் ஒட்டினார். அவள் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு மாதம் தாங்கினாள். பிறகு ஒரு மதியம், ஆபீஸ் படிக்கட்டில் நின்று அக்காவுக்குப் போன் செய்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"அப்போ..." என்று இழுத்தார் அக்கா. "நான் எதையும் தப்பா அமுக்கலையா?"

"இல்லக்கா."

"அடிப்பாவி! இப்பல்லாம் அடுப்ப அணைச்சோமா, கதவப் பூட்டினோமான்னு நாலு தடவ போய்ப் பாக்குறேன்டி. பிள்ளைங்க சிரிக்குதுங்க."

"இப்பவே மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்றேன்க்கா."

"சொல்லு" என்றார் அக்கா. "எனக்காக வேணாம், அடுத்து யாருக்கும் தப்பா அச்சாகக் கூடாது. அந்தக் கட்டத்துல டிக்கப் போட்டுட்டுச் சொல்லு. இன்னும் போடல இல்ல?"

அவள் போட்டிருக்கவில்லை. போட்டால் அந்த மாற்றம் தன் பெயரில் பதிவாகும் என்று பயந்திருந்தாள்.