மற்றவை என்று நான் எழுதிய கம்பெனி

உலகத்தில் டிராக்டர் விற்பனையில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் என்னால் இரண்டு பதில் சொல்ல முடியும். இரண்டும் சரியாகவே இருக்கும். எத்தனை டிராக்டர் விற்றது என்று எண்ணினால் நம் நாட்டுக் கம்பெனி ஒன்று முன்னால் நிற்கும். எவ்வளவு பணத்துக்கு விற்றது என்று பார்த்தால் ஓர் அமெரிக்கக் கம்பெனி. எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றினால் ஜெயித்தவர் மாறிவிடுவார். எல்லா ஷோரூம்காரர்களும் தங்களுக்குப் பிடித்த எண்ணிக்கையைப் போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், நான் ஓர் அட்டவணை போட்டேன். அட்டவணை நன்றாக வந்தது. அதனால் தாராபுரம் பக்கத்தில் ஒருவருடைய டிராக்டர் போயிற்று.

கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில் எங்களுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. ஆறு மெஷின், ஏழு ஆட்கள், அண்ணன், நான். மெஷின் பக்கம் அண்ணன் பார்த்துக்கொள்வார். போன், கம்ப்யூட்டர், பார்சல் எல்லாம் என் பக்கம். டிராக்டர் இன்ஜினுக்குத் தண்ணீர் பம்பு செய்துகொண்டிருந்தோம். ரேடியேட்டர் தண்ணீரை இன்ஜினுக்குள் சுற்ற வைப்பது அதுதான். அது கெட்டால் இன்ஜின் சூடேறிச் செத்துப்போகும். நாங்கள் செய்தது ஒரே ஒரு கம்பெனியின் பழைய மாடலுக்கு. அந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பம்பு செய்தவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டுப் போக, கடைசியில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம்.

போன வருடம் ஒரு பெரிய வேலை தேடி வந்தது. உலகப் பட்டியலில் மேலே இருக்கும் ஒரு கம்பெனிக்குப் பம்பு கொடுக்கிறவர்கள், பம்பின் உடலை மட்டும் எங்களிடம் மெஷினில் கடைந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அதை எடுத்தால் பழைய பம்புக்கு மெஷின் மிஞ்சாது. அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனம்மணி, இந்தக் கம்பெனிகள்ல எது நிக்கும், எது போகும்னு உன்ற கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு. நீ சொல்றத வெச்சு முடிவு பண்ணிக்கலாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாக பில் போட்டுக்கொண்டிருக்கிறவளைக் கூப்பிட்டு உலகத்தைப் பார்த்துச் சொல் என்றால் யாருக்குத்தான் தாங்கும்.

மூன்று வாரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கம்பெனிகளின் ஆண்டு அறிக்கைகளைப் படிப்பது லேசான காரியம் இல்லை. ஒரு கம்பெனி மார்ச்சில் கணக்கு முடிக்கிறது, இன்னொன்று அக்டோபரில், இன்னொன்று டிசம்பரில். ஒன்று டிராக்டரோடு அறுவடை மெஷினையும் புல்வெட்டியையும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்கிறது. வெளிநாட்டில் ஒரு டிராக்டர் விற்கிற விலைக்கு இங்கே ஒரு தெருவுக்கே டிராக்டர் வாங்கிக் கொடுக்கலாம். இரண்டையும் ஒன்று, ஒன்று என்று எண்ணுவது நியாயமா? இதற்கே எனக்கு நான்கு நாள் போயிற்று.

இன்னொரு சூட்சுமமும் இருந்தது. கம்பெனி டீலருக்கு அனுப்பியதையே விற்றதாக எழுதிக்கொள்கிறது. ஆடியில் நம் பக்கத்தில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். கம்பெனிக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? அனுப்பிவிடும். காகிதத்தில் விற்றுப்போன டிராக்டர்கள் டீலர் யார்டில் பூமாலை இல்லாமல் வெயிலில் நின்றுகொண்டிருக்கும். நான் அதையும் விடவில்லை. டீலருக்குப் போனது தனி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவானது தனி என்று பிரித்துவிட்டேன். யாரும் கேட்காத சந்தேகத்தையெல்லாம் நானே கேட்டு நானே தீர்த்துவைத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணனுக்குப் புரியட்டும் என்று ஒரு வட்டம் போட்டு, கம்பெனிக்கு ஒரு நிறமாகத் துண்டு போட்டேன். பெயர் எழுதக்கூட இடம் இல்லாத சின்னக் கம்பெனிகளை எல்லாம் சேர்த்து ஒரு சாம்பல் நிறத் துண்டாக்கி, அதன்மேல் 'மற்றவை' என்று எழுதினேன்.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம பம்பு போற கம்பெனி எங்க?"

"இந்தச் சாம்பலுக்குள்ள இருக்குதுங்கண்ணா."

"பூராவும் அதா?"

"அதுல ஒரு கீத்துங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். அன்றே பெரிய வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டார்.

பம்பின் உடலை வார்க்கிற பவுண்டரியில் எங்கள் பேட்டர்ன் இருந்தது. மணலில் பதித்து அச்சு எடுப்பதற்காக அலுமினியத்தில் செய்த மாதிரி வடிவம் அது. அது இருந்தால்தான் அந்தப் பம்பு. இனிமேல் வேலை இல்லை என்று தெரிந்ததும் பவுண்டரிக்காரர், "எடுத்துட்டுப் போறீங்களா, உருக்கிப் போடட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் உருக்கச் சொல்லிவிட்டார். சாம்பல் துண்டில் ஒரு கீற்றுக்காக அலமாரியை யார் அடைத்து வைப்பார்கள்?

எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு வேலை மட்டும் பாக்கி. பாயிடம் சொல்ல வேண்டும்.

பாய்க்கு உக்கடத்தில் ஸ்பேர்ஸ் கடை. எங்கள் பம்பை வாங்கித் தாராபுரம், உடுமலை, பல்லடம் என்று மெக்கானிக்குகளுக்கு அனுப்புகிறவர் அவர். இருபது வருடப் பழக்கம். நோன்புக்குக் கஞ்சி வரும், பொங்கலுக்கு நாங்கள் கரும்பு கொடுத்தனுப்புவோம். அவரிடம் "இனிமேல் இல்லை" என்று யார் சொல்வது? அண்ணன் நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நான் அண்ணன் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் "கலந்துட்டுச் சொல்றமுங்க" என்பார்கள். காடு தோட்டம் விற்க மனமில்லை என்றால் "பாக்கலாமுங்க" என்பார்கள். கேட்கிறவரும் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதை மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாய் போன் செய்தார். "அம்மணி, பம்பு ஒரு பத்து வேணுமுங்க."

"பாக்கலாமுங்க பாய்," என்றேன்.

பாயும் கோயமுத்தூர்க்காரர்தான், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். ஆனால் இருபது வருடமாக எங்கள் பட்டறையில் 'பாக்கலாமுங்க' என்றால் இரண்டு நாள் தாமதமாகும் என்று அர்த்தம். தாமதித்தாவது பம்பு போய்ச் சேர்ந்துவிடும். அவர் அந்தப் பழக்கத்தை வைத்துப் புரிந்துகொண்டார். அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். "மெஷின்ல வேற வேலை ஓடுதுங்க, அடுத்த வாரம் பாத்துச் சொல்றனுங்க," என்றேன். அதற்கு அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

நான்காம் வாரம் பாய் நேரில் வந்துவிட்டார். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு பழைய டிராக்டர். ரேடியேட்டர் விசிறிக்குப் பின்னால் பம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒருவர் குடத்தைச் சாய்த்து ரேடியேட்டரில் ஊற்றினார். அதற்குள் கீழே ஈரம் பரவிவிட்டது.

"தாராபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தருங்க," என்றார் பாய். "இந்த வண்டியில தண்ணி டேங்கர் இழுக்கறாரு. கோழிப் பண்ணைக்கு, கட்டட வேலைக்கு. வெயில் காலம் பூராவும் இதுதான் பொழப்பு அவருக்கு. உப்புத் தண்ணி பம்பை அரிச்சுப்போட்டுதுங்க. பத்து வேண்டாம், ஒன்னே ஒன்னு குடுங்க போதும். கணபதி பம்பு வருது, பொறுத்துக்கங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அண்ணனும் பட்டறையில் இல்லை, சொல்வதற்கு எல்லாச் சௌகரியமும் இருந்தது.

"அடுத்த வாரம் எப்படியும் பாத்துரலாமுங்க," என்று சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அவர் போனதும் பவுண்டரிக்குப் போன் செய்தேன். பேட்டர்னை உருக்கி ஒரு மாதம் ஆகிவிட்டது என்றார்கள். பாயைக் கூப்பிட வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். அன்று எடுத்தேன், மறுநாள் எடுத்தேன், அதற்கு மறுநாளும் எடுத்தேன். பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார். டேங்கர் இழுத்துக்கொண்டு போகும்போது இன்ஜின் சூடேறி இறுகி நின்றுவிட்டது, பிளாக் வெடித்துவிட்டது, இனிமேல் பம்பு வேண்டாம் என்றார். கோபமாகப் பேசவில்லை. வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் சரி. ஆனால் அதில் இருந்ததெல்லாம் அந்த வருடம் புதிதாக விற்ற டிராக்டர்கள். புது டிராக்டருக்கு யார் பம்பு மாற்றுகிறார்கள்? பம்பு கேட்பது பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டி. அவை எந்தக் காட்டில் எத்தனை ஓடுகின்றன என்று எந்தக் கம்பெனியும் எண்ணுவதில்லை, நானும் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்றால் என் மேஜையிலேயே இருபது வருடத்து பில் புத்தகங்கள் இருந்தன. மூன்று வாரம் அமெரிக்காவையும் ஜப்பானையும் பார்த்தவள் அதைத் திறக்கவில்லை. என்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

பெரிய வேலை நன்றாகத்தான் ஓடுகிறது. எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் பாய் தாராபுரம் போனபோது நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் டிராக்டர் பானெட் இல்லாமல் நின்றது. பக்கத்தில் காலி டேங்கர். அதன் சக்கரத்தை ஒட்டிப் புல் முளைத்திருந்தது. அந்த மனிதருக்கு என் வயதுதான் இருக்கும். நாற்காலி எடுத்துப் போட்டு, உள்ளே திரும்பி மோர் கொண்டுவரச் சொன்னார்.

"இவங்க டிராக்டர் கம்பெனி வெவரமெல்லாம் அறிஞ்சவங்க," என்று பாய் என்னைச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்காகத்தான் நிறுத்திக்கொண்டார் என்று தெரிந்தது.

டிராக்டர்காரர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அப்படீங்களா. நல்லதாப் போச்சுங்க. அடுத்து ஒரு வண்டி பாத்துட்டிருக்கறேன். அல்லாருமே நாங்கதான் நம்பர் ஒன்னுங்கறாங்க. எனக்கு அதெல்லாம் வேண்டாமுங்க. இருவது வருசங்கழிச்சும் ஸ்பேர் கெடைக்கற கம்பெனி எது? அத மட்டும் சொல்லுங்க."

பாத்துச் சொல்றனுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "உங்க வண்டிக்குப் பம்பு செஞ்சுட்டிருந்தது நாங்கதானுங்க. நிறுத்திப்போட்டு, அடுத்த வாரம், அடுத்த வாரம்னு பாய்கிட்டச் சொன்னது நானுங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க."

பாய் தரையைப் பார்த்தார். அந்த மனிதர் டிராக்டர் பக்கம் திரும்பினார்.

"பவானியில ஒருத்தரு இதே மாடலை ஒடைக்கறதுக்குப் போட்டிருந்தாருங்க," என்றார். "அதுல பம்பு நல்லாருந்துதுங்க. கழட்டித் தாரேன்னு ரெண்டு மட்டம் கூப்புட்டாரு. கணபதிப் பம்பு புதுசே வருதுங்க, வேண்டாமுங்கன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்."

மோர் வந்தது. முதல் டம்ளரை வாங்கி, என் கையில் கொடுத்தார்.