மூன்றாம் வகுப்பில் வைத்த பேச்சு

ஒரகடத்தில் நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் கார்களுக்கான ஒயர் கட்டுகள் தயாராகின்றன. நான் ஒயரைத் தொடுவதில்லை. கம்பெனியின் இணையத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தத் தகவல் முதலில் போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று முடிவுசெய்கிற வேலை என்றும் சொல்லலாம்.

கம்பெனிக்கு வெளியுலகத்தோடு இரண்டு இணைப்புகள். ஒன்று ஃபைபர், வேகமானது, நம்பகமானது. இன்னொன்று மலிவானது, நெரிசலானது, மழை வந்தால் தடுமாறுவது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பெண்களுக்கான ஹாஸ்டலைக் கட்டித் திறந்தபோது அவர்களுக்கும் இதே இணையத்தைக் கொடுத்தோம். காலை ஷிப்ட் மதியம் இரண்டரைக்கு முடியும். எல்லோரும் அறைக்குப் போய் போனைத் திறப்பார்கள். சரியாக அந்த நேரத்தில் லாரியில் ஏற்றும் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் மெஷின் திணறும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஹாஸ்டல்காரங்க படம் பாக்குறதுக்கு நம்ம லாரி கேட்ல நிக்கணுமா? ஏதாவது பண்ணுய்யா."

பண்ணினேன். இப்போதெல்லாம் இணையத்தில் போகிற எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒட்டிய கவர் மாதிரி, பூட்டித்தான் வருகிறது. ஆனால் கவரின் அளவைப் பார்க்கலாம். எத்தனை கவர்கள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்று எண்ணலாம். குரல் பேச்சு என்றால் சின்னச் சின்னதாக, ஒரே சீராக வரும். வீடியோ என்றால் பெரிது பெரிதாகக் குவியும். முதல் சில விநாடிகளிலேயே இந்தத் தாளத்தைப் பிடித்து, இது இன்ன வகை என்று முடிவுகட்டி, அதற்குரிய இணைப்பில் தள்ளிவிடுகிற ஒரு முறையை நான்கு மாதம் உட்கார்ந்து உருவாக்கினேன். மெஷின் தகவலும் குரல் பேச்சும் முதல் வகுப்பு, ஃபைபரில் போகும். ஆபீஸ் மெயில் இரண்டாம் வகுப்பு. வீடியோ எதுவானாலும் மூன்றாம் வகுப்பு, மலிவான இணைப்பில். மூன்றாம் வகுப்புக்கு ஒரு பெயர் கேட்டது புரோகிராம். 'பொழுதுபோக்கு' என்று கொடுத்தேன். யோசிக்க இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

லேபிள் மெஷின் அன்றிலிருந்து நிற்கவில்லை. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "இது மாதிரி வேற எவனும் பண்ணல. பேட்டன்ட் போடலாம்" என்றார். சென்னையிலிருந்து காப்புரிமை வக்கீல் ஒருவர் வந்தார். அவர் தயாரித்த விண்ணப்ப வரைவில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் முதலில், மேனேஜர் பெயர் அடுத்து. எங்கள் குடும்பம் சேரப்பணஞ்சேரிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். எங்களில் யார் பெயரும் பட்டாவைத் தாண்டி அரசாங்கக் காகிதத்தில் ஏறியதில்லை. வரைவின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து என் மனைவிக்கு அனுப்பினேன். அவள் அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள். இரண்டு நாள் வாழ்த்து வந்துகொண்டிருந்தது.

அந்த வாரம்தான் ஹாஸ்டல் வார்டன் மூலம் ஒரு புகார் வந்தது. வீடியோ கால் சரியாக வரவில்லை என்று. 'வாய்ஸ் கால் நன்றாக வேலை செய்கிறது. அதைப் பயன்படுத்தவும்' என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தேன். நான்கு நாளில் இன்னொன்று வந்தது. பழைய பதிலை எடுத்து ஒட்டினேன். மூன்றாவதற்கும் அதையே ஒட்டினேன்.

மூன்றாவது பதில் போன மறுநாள் இரண்டு பெண்கள் என் அறைக்கு வந்தார்கள். ஒருவர் எச்ஆர் பிரிவில் சைகை மொழிபெயர்ப்பாளராக இருப்பவர், சிங்கப்பெருமாள் கோவில்காரர். அவருடைய அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. பேசக் கற்பதற்கு முன்பே சைகை கற்றவர். இன்னொரு பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். முழங்கைக்கு மேல் நீலப் பட்டை. எங்கள் ஒயர் சோதனைப் பிரிவில் காது கேளாத பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக அந்த நீலப் பட்டை. அவர்களைத் தினமும் கேன்டீனில் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு மேல் கைகள் பேசிக்கொண்டிருக்கும். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பாளர் என் பதிலை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். மூன்று தாள்கள். மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இன்னா சார் எழுதிக்கிறீங்க. காது கேக்காத பொண்ணுக்கு வாய்ஸ் கால் பண்ணச் சொல்றீங்களே."

நான் தாள்களைப் பார்த்தேன். "யாரோட புகார்னு அதுல போடல, மேடம்" என்றேன்.

"போட்டிருந்தா?"

தாள்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

அந்தப் பெண் கைகளால் சொல்ல ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பாளர் அவள் சொல்வதை அவளாகவே நின்று எனக்குச் சொன்னார். ஊர் சங்கரன்கோவில் பக்கம். கணவருக்கும் காது கேட்காது, தையல் வேலை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்குக் காது கேட்கும், ஆனால் அம்மா அப்பாவோடு கைகளால்தான் பேசும். தினமும் மூன்று மணிக்கு மூவரும் வீடியோவில் பேசுவார்கள். ஒரு மாதமாகப் படம் உறைந்துவிடுகிறது. கை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரிவதில்லை.

"மெசேஜ் அனுப்பலாமே" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை அவளிடம் சொல்லாமல் என்னிடமே திரும்பினார். "அவ வூட்டுக்காரர் அஞ்சாங்கிளாஸ் சார். எழுத்து அவங்களுக்கு வேற பாஷை மாதிரி. நாலு வார்த்த எழுதுவாரு. கொழந்த எழுதுமா?"

எங்கள் ஹாஸ்டலுக்கு இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட பெரிய கிடங்குகள். உள்ளே மொபைல் சிக்னல் நிற்காது. கம்பெனி இணையம்தான் அவர்களுக்கு வழி. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

என் முறையை விளக்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, வீடியோ என்று மட்டும்தான் தெரியும், படம் பார்ப்பவர்களையும் பேசுபவர்களையும் பிரிக்க வழியில்லை என்றேன். விளக்கும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும். மொழிபெயர்ப்பாளரின் கைகளை அந்தப் பெண் கவனமாகப் பார்த்தாள். பிறகு ஒரு கையை எனக்கு எதிரே நீட்டித் தன் பக்கமாக இழுத்தாள், திரும்பத் திரும்ப. அடுத்து இரண்டு கைகளையும் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக அசைத்தாள்.

"படம்னா வந்துக்கினேதான் இருக்கும். எங்க பேச்சு போவும், வரும். அது தெரியாதான்னு கேக்குறா" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தெரியும். போகிற கவர்களையும் என் புரோகிராம் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் ஓடினால் அது உரையாடல். நான்கு மாதத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. என் அறையில் நின்றுகொண்டே அவள் அதைச் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் நான் உடனே சரிசெய்தேன் என்று எழுத ஆசைதான். "அடுத்த வாரம் பாக்குறேன்" என்றேன். வக்கீல் மறுவாரம் கடைசிச் செயல்விளக்கத்துக்கு வருவதாக இருந்தார். மலிவான இணைப்புக்கு எவ்வளவு போகிறது என்ற வரைபடம் அழகாக ஏறியிருந்தது. இப்போது கைவைத்தால் அது கலையும். மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கக்கூட இல்லை. நானே முடிவுசெய்தேன். சரிசெய்வதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒன்பது நாளில் ஒரு மதியம், வேறொரு யூனிட்டுக்குப் போவதற்காகக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மெயின் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் பஸ் நின்றது. மொபைல் சிக்னல் கிடைக்கிற இடம் அது. அங்கே பஞ்சர் கடை வாசலில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வெயிலில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். போனைப் பிடித்துக்கொண்டு அவர்களால் பேச முடியாது. இரண்டு கையும் வேண்டும். ட்ரெய்லர் போகும்போதெல்லாம் போன் ஆடிச் சரிந்தது. அவள் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பஞ்சர் கடையில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பினால் என்னைப் பார்த்துவிடுவாள் என்று, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல இருந்தேன். என் ஷூவில் கயிறு கிடையாது.

வக்கீல் வந்தார், பார்த்தார், திருப்தி என்றார். போகும்போது, "இந்த முறையைத் தாண்டி வேற ஏதாவது நுணுக்கம் இருக்கா? இருந்தா விண்ணப்பம் பலமாகும்" என்று கேட்டார். எனக்கு முன்னும் பின்னும் அசைந்த இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன. "ரெண்டு பக்கமும் ஓடுற அளவை ஒப்பிட்டா உரையாடலைத் தனியாப் பிரிக்கலாம் சார்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். "நல்லா இருக்கு. இதுதான் புதுசு" என்றார். யாருடைய யோசனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மாற்றத்தைச் செய்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் சொல்வதற்காக மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போனேன்.

"அவ ஊருக்குப் போயிட்டா சார். கொழந்தைக்கு டெங்கு" என்றார். "வூட்டுக்காரர் நாலு நாள் முன்னாடியே சொல்லிக்கிறாரு. ஆஸ்பத்திரில சேக்கணும்னு. ரோட்டாண்ட நின்னுக்கினு பேசியிருக்கா, படம் ஆடி ஆடி, காய்ச்சல் எறங்கிடுச்சுன்னு புரிஞ்சிக்கினா. நேத்துதான் பக்கத்து வூட்டு அம்மா எனக்குப் போன் பண்ணி விஷயத்தச் சொன்னாங்க."

குழந்தை பிழைத்துக்கொண்டது. பத்து நாளில் அந்தப் பெண்ணும் வேலைக்குத் திரும்பினாள். இந்த இரண்டும் என் தயவில் நடந்தவை அல்ல.

விண்ணப்பம் போனது. அதைக் கொண்டாட கேன்டீனில் ஒரு விழா வைத்தார்கள். எனக்கு ஒரு சால்வை, ஒரு கேடயம். மேனேஜர் பேசும்போது, இப்போது ஹாஸ்டலில் வீடியோ கால் தெளிவாக வருகிறது, அதற்கும் காரணம் இவர்தான் என்று என்னைக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் ஓரமாக நின்று அதைச் சைகையில் சொன்னார். பின்வரிசையில் நீலப் பட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவர்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து அசைத்தார்கள். அவர்களுடைய கைதட்டு அதுதான். அந்தப் பெண் எழுந்து நின்று அசைத்தாள். மனதார அசைத்தாள். நான் கும்பிட்டுவிட்டுக் கேடயத்தோடு கீழே இறங்கினேன். அன்று கேன்டீனில் போட்ட பிரியாணியை என்னால் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் சும்மா இருந்தேன். தினமும் கேன்டீனில் அவளைப் பார்ப்பேன். அவள் பார்த்தால் சிரிப்பாள். நான் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன். கடைசியில் அவள் வேலையை விட்டுப் போகிறாள் என்று தெரிந்தது. குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், ஊரிலேயே கணவரோடு தைக்கப் போகிறாள். அவள் வேலையில் இருந்த கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, அவளையும் வரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்ன யோசனையை என் பெயரில் எழுதிக்கொண்டதை, ஒன்பது நாள் தள்ளிப்போட்டதை, பஸ்ஸில் குனிந்ததை.

மொழிபெயர்ப்பாளரின் கைகள் நடுவில் ஒருமுறை நின்றன. என்னைப் பார்த்தார். பிறகு மீதியைச் சொன்னார்.

அந்தப் பெண் மொழிபெயர்ப்பாளரின் கைகள் கீழே இறங்கும்வரை பார்த்தாள். அப்புறம் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் அதைச் சொன்னார்: "அதுல பேர் போட்டா என்ன கெடைக்கும்?"

"பெருசா ஒன்னும் கெடைக்காதும்மா" என்றேன்.

"அப்ப நீங்க ஏன் போட்டுக்கிட்டீங்க?"

கேட்டுவிட்டு அவள் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவைத்துவிட்டுப் போனாள். மொழிபெயர்ப்பாளர் பின்தங்கினார். "மாப்பு கேக்குறதுன்னா எங்கிட்டயும் கேளுங்க சார். விழாவுல அந்தப் பொய்ய என் கையால சொன்னேன்" என்றார். கேட்டேன். கேட்டு முடித்ததும் அவரும் அவள் பின்னால் போனார்.

வக்கீலுக்கு எழுதினேன். மேனேஜருக்குக் கோபம். "ஒரு வார்த்தை சொன்னவங்க எல்லாம் கண்டுபிடிச்சவங்களா? லைன்ல வேல செய்ற பொண்ணு" என்றார். அவர் சொன்னது கடுப்பாக இருந்தது. ஆனால் எட்டு மாதம் நானும் எனக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதால் சண்டை போட வாய் வரவில்லை. விடாமல் மூன்று முறை எழுதிய பிறகு, கண்டுபிடித்தவர் பெயரைச் சேர்ப்பதற்கு ஒரு படிவத்தை வக்கீல் அனுப்பினார். அவளுடைய கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, ஊர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. படிவத்தோடு நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள் இருந்தது. பக்கத்து வீட்டம்மா எழுதியிருக்க வேண்டும். தெளிவான, உருண்டையான எழுத்து. 'புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறார். நேரில் வந்து விளக்கிச் சொல்லவும். மூவரும் இருப்போம்.'

இதுவரை இரண்டு முறை லீவு போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் டிக்கெட்டை ரத்துசெய்தேன். மொழிபெயர்ப்பாளர் கூட வரத் தயார் என்று சொல்லிவிட்டார். என்றைக்கு என்று கேட்பதை மட்டும் இப்போது நிறுத்திவிட்டார்.