சந்தனத்தின் மேல் போட்ட பழி

நெட்வொர்க் வேலையில் கேபிளுக்கு அடுத்தபடியாக அதிகம் தேவைப்படுவது, பழி போட ஓர் ஆள். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஏணியின் உச்சிப் படியில் நின்று, கீழே பத்துப் பேர் அண்ணாந்து பார்க்க, எரியாத ஒரு குட்டி லைட்டை முறைத்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். பல்லி, எலி, இடி, மின்னல், கரண்ட், நமக்கு முன்னால் வந்துபோன மெக்கானிக் என்று நம்மிடம் எப்போதும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். திருவனந்தபுரத்தில் இந்தத் தொழிலில் பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டேன். அந்தப் பட்டியலில் நான் சேர்த்த ஒன்றை நினைத்தால் இன்றும் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடுகிறது. சக பாவிகளே, கேளுங்கள்.

குரங்கு செய்த உபகாரம்

பொன்முடி மலைக்குப் போகும் வழியில், கல்லாறு என்ற ஊரில் ஒரு சின்ன லாட்ஜ். இன்டர்நெட் செத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பஸ் கிடைக்காமல் பாதி நாள் வீணாகிப் போய்ச் சேர்ந்த எரிச்சலில், பையைக்கூட இறக்கி வைக்காமல், "குரங்கு கேபிளைக் கடிச்சிருக்கும்" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். மேலே ஏறிப் பார்த்தால், கூரையோரம் கேபிள் நிஜமாகவே கடிபட்டுத் தொங்குகிறது!

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. லாட்ஜ்காரர் என்னை ஜோசியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இலை போட்டுச் சோறும் போட்டார். பார்க்காமலே பழுதைச் சொல்லிவிடலாம் என்ற துணிச்சல் எனக்கு வந்தது அன்றுதான். கிளம்பும்போது அவர் சொன்னார்: "சார் நோக்காம தன்னே பறஞ்சிட்டாரே! இனி நாங்க வேற யாரையும் விளிக்க மாட்டோம்."

மருமகள் கேட்ட பெட்டி

திருவனந்தபுரத்தின் பெரிய கடைத்தெருவான சாலையில் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறார் ஓர் அண்ணாச்சி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கீழே கடை, மாடியில் வீடு. மகன் துபாயில். மருமகள் கோமதி தென்காசிப் பெண், கம்ப்யூட்டர் படித்தவர். கல்யாணமாகி வந்து இரண்டு வருடம் மாடியில் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, மாமனாரிடம் மன்றாடி, கடை ஆபீசில் ஒரு நாற்காலியைப் பிடித்திருந்தார்.

கடையில் பில்லுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என மூன்று கிழட்டுக் கம்ப்யூட்டர்கள். ஒன்று மாற்றி ஒன்று படுக்கும், தூக்கி நிறுத்த நான் போவேன். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் குடித்தனம் வைக்கிற புது சர்வர் வாங்கலாம் என்று சொன்னவர் கோமதி. வர்ச்சுவலைசேஷன் என்று நாம் வாய் நிறையச் சொல்வது இந்தக் கூட்டுக் குடித்தனத்தைத்தான். அண்ணாச்சிக்கு மனசே இல்லை. ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் என் முன்னாலேயே மருமகளுக்குக் கெடு வைத்தார்: "செரி, வாங்கு. சிங்ஙம் ஒண்ணாந்தேதி இது ஓடணும். ஓணக் கச்சவடத்துல, யாவார நேரத்துல காலை வாருச்சுன்னா, நீ ஆபீசுக்கு வரண்டாம், மாடியோட இருந்துக்கோ, கேட்டியா?"

பொட்டு வைத்த பெட்டி

சிங்ஙம் ஒன்று மலையாள வருடப் பிறப்பு. காலையில், நான் அமைத்துக் கொடுத்த சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கேபிள் சொருகிய இடத்தில் பச்சை லைட் மின்னியது. கோமதி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். பெட்டியின் முகப்பு முழுக்க வலைபோல் ஓட்டை, சந்தனம் ஒட்டவில்லை. அதனால் பின்பக்கம், கேபிள் சாக்கெட்டுகளுக்கு மேலே இருந்த தகட்டுப் பட்டையில் சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். அப்போதும் லைட் எரிந்தது. அதை நானும் பார்த்தேன்.

பூஜை முடிந்த பிறகுதான், பேக்கப் டிஸ்குக்காக வாங்கிய ஒரு கார்டை உள்ளே பொருத்த மறந்தது ஞாபகம் வந்தது. நிறுத்தினேன், திறந்தேன், சொருகினேன், மூடினேன், ஆன் செய்தேன். பச்சை லைட் வரவில்லை. கேபிளை மாற்றினேன். முனையை வெட்டிப் புதுசாகப் போட்டேன். சுவிட்சில் இடம் மாற்றிச் சொருகினேன். ஊஹூம். வெளியே பில்லுக்குக் காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி உள்ளே வந்து, "என்ன சாரே, ஒண்ணும் மிண்டாம, வாயைத் தொறக்காம நிக்கீரு?" என்றார். அந்த நேரம் பார்த்துத்தானா கண்ணில் படவேண்டும்? ஒரு சொட்டுச் சந்தனம் வழிந்து சாக்கெட்டின் விளிம்பில் நின்றது.

"சந்தனம் உள்ள போயிருக்கு அண்ணாச்சி. சாக்கெட் போச்சு" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் கோமதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக, "சார், பொட்டு வச்ச பொறவும் லைட் எரிஞ்சுதே. நீங்க கார்டு போட்டு ஆன் பண்ணின பொறவுல்லா அணைஞ்சுது?" என்றார். அப்போதாவது நான் யோசித்திருக்கலாம். "இது ஹார்டுவேர் விஷயம் மேடம், உங்களுக்குப் புரியாது" என்றேன். அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கோமதி, பூஜைத் தட்டை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போ."

ஒரே ஓர் எண்

மறுநாள் காலை ஒரு மானிட்டரைக் கொண்டுபோய்ச் சர்வரோடு இணைத்து, நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. விஷயம் இவ்வளவுதான்: இந்தச் சர்வர், உள்ளே எதெது எந்த வரிசையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். புதிதாக ஒரு கார்டு நுழைந்தால் எண் தள்ளிப்போகும். நேற்றுவரை மூன்றாம் நம்பர் வீடு, இன்று நான்காம் நம்பர். நான் எழுதி வைத்த ஃபைலோ மூன்றாம் நம்பர் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. கூப்பிட ஆளில்லாததால் சாக்கெட் தூங்குகிறது. இதை நான் படித்திருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். மூன்றை அழித்து நான்கு என்று போட்டேன்.

கணக்கர் சசி அண்ணன் எட்டிப் பார்த்து, "கிட்டிச்சா சாரே?" என்றார். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. பையிலிருந்து பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து, ஐந்து நிமிடம் சாக்கெட்டை பயபக்தியோடு துடைத்தேன். துடைத்த பஞ்சை எல்லோருக்கும் காட்டினேன். அதில் மஞ்சளாகச் சந்தனம் இருந்தது. பிறகு, யாரும் பார்க்காதபோது எண்டர் தட்டினேன். பச்சை லைட் வந்தது. கடையே கைதட்டியது. வாங்கிக்கொண்டேன், இப்போது எழுதும்போது கூசுகிறது. கோமதியின் நாற்காலியில் பருப்பு மூட்டைச் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணாச்சி சந்தோஷமாகச் சொன்னார்: "ஒரு பொட்டுச் சந்தனம் படுத்துன பாட்டைப் பாத்தீரா! இனி அந்தப் பிள்ள கடைக்குள்ள காலு வைக்காண்டாம்."

எங்காத்து மிக்ஸி

எங்கள் வீடு கரமனை அக்ரஹாரத்தில். வீட்டிலும் இந்தக் கதையைச் சந்தனக் கதையாகவே சொன்னேன், வேடிக்கையாக, கை கால் ஆட்டி. பொய்யை ஒரு தடவை வெளியே சொல்லிவிட்டால் வீட்டிலும் அதுவே வருகிறது. என் மனைவி மீனா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியை நிறுத்திவிட்டு, முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை. "சரஸ்வதி பூஜைக்கு சரஸ்வதி பூஜை இந்த மிக்ஸிக்குச் சந்தனத்தைக் குழைச்சுக் குழைச்சு அப்பறேன். ஒருநாளும் நின்னதில்லையே. நெஜத்தைச் சொல்லுங்கோன்னா, என்ன பண்ணினேள்?"

அண்ணாச்சி சொன்ன சமாதானம்

ஒரு வாரம் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய், அண்ணாச்சியைச் சரக்குக் கிட்டங்கிக்குள் தனியாகக் கூப்பிட்டேன். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று அவர் நினைத்திருக்கலாம், நானும் திருத்தவில்லை. திட்டுவார், சர்வரைத் தூக்கித் தெருவில் வைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் ஒரு வற்றலை எடுத்துக் கிள்ளி, முகர்ந்து, கீழே போட்டார். அவர் பதிலைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? முழுக் கதையிலும் எனக்கு அதிக வெட்கம் தருவது அந்த நிம்மதிதான். "சாரே, பெட்டி ஓடுதுல்லா? அந்தப் பிள்ளையும் மாடியில அதுபாட்டுக்கு இருக்கு. ஆளுக முன்னால நா சொன்ன வாக்கை இனி மாத்த முடியுமா? நீரு ஒண்ணும் பறைய வேண்டாம், விடும்."

மாடிப்படியில்

திருவோணத்துக்கு நாலு நாள் முன்பு, மாடியில் வைஃபை சரியில்லை, பார்த்துவிட்டுப் போங்கள் என்று அண்ணாச்சி அனுப்பினார். ஏறினால், மாடிப்படி முடிகிற இடத்தில் கோமதி உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பில் மிஷின் கரகரவென்று அடிப்பது அங்கே நன்றாகக் கேட்டது. அவர் விரும்பித்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது. அந்த ஓண சீசனை அதுவரை அவர் காதால்தான் பார்த்திருக்கிறார்.

வைஃபையை விட்டுவிட்டு, நின்றபடியே சொன்னேன். மூன்று, நான்கு, பஞ்சு, ஸ்பிரிட், எதையும் மறைக்கவில்லை. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன். பயறிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். கோபமாகக்கூட இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? சந்தனம்னு நா ஒருநாளும் நம்பலையே. நம்புனது கீழ நிக்கவங்க. அங்க போயிச் சொல்லுங்க."

கூட்டத்தின் நடுவே

மறுநாளே போனேன். கடையில் கால் வைக்க இடமில்லை. பில் மேஜையில் சசி அண்ணன் ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்தார். சிங்ஙம் ஒன்றாம் தேதி கடையில் நின்ற சுமை தூக்குபவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பில் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். "அன்னைக்கு நெட் போனதுக்குச் சந்தனம் காரணமில்லை. நான் ஒரு கார்டு போட்டு, மாத்த வேண்டிய நம்பரை மாத்தல. தப்பு என்னோடது. மறுநாள் அது தெரிஞ்சும், பஞ்சால துடைச்சு நாடகம் ஆடினேன். கோமதி மேடம் அன்னைக்கே சரியாச் சொன்னாங்க."

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "யோவ், இப்பம் இதைப் பறைய யாரு சொன்னா?" என்றார். நம்பாதவர்களும் இருக்கலாம் என்று, சர்வரில் நான்கை அழித்து மறுபடி மூன்று போட்டுக் காட்டினேன். பச்சை லைட் அணைந்தது. நான்கு போட்டேன். எரிந்தது. சசி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. "அப்போ அந்தக் கொச்சுப் பொண்ணு இத்தனை நாளு மாடியில இருந்தது, சாருக்கு ஒரு நம்பர் தெரியாமப் போனதுக்கா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் நகரவுமில்லை. எல்லோரும் இப்போது அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் என்னிடம், "நீரு இனி இங்க வரண்டாம்" என்றார். பிறகு மாடிப்படியடியில் போய் நின்று, கொஞ்ச நேரம் கைப்பிடியைத் தடவிவிட்டு, "கோமதி, பில்லு போட ஆளில்ல, எறங்கி வா" என்று கூப்பிட்டார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கோமதி வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். நாற்காலியில் கிடந்த சாக்குகளை எடுத்துக் கீழே போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "அடுத்தது யாரு?"

இப்போது அந்தச் சர்வரைக் கோமதியே பார்த்துக்கொள்கிறார், நான் அங்கே மாதம் ஐந்து கிலோ துவரம்பருப்பு வாங்கும் வாடிக்கையாளன் மட்டும்; பில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது, நான்தான் இன்னும் தலை நிமிர்ந்து வாங்கியபாடில்லை.