இருவருக்கான தகடு

உதயரூபன் தன் மோட்டார் சைக்கிளுக்கு மின்சார மோட்டர் பூட்டத் தொடங்கியது பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில். வரிசை முடிந்து மூன்று வருடமாகியும் அவன் வேலை முடியவில்லை.

கிரான் ஊரில் வயல் வட்டைக்காரர்களின் நீர்ப்பம்பிகளைத் திருத்துவது அவன் தொழில். கையில் ஒரு மோட்டர் அகப்பட்டால் அதை எதிலாவது பூட்டிப் பார்க்காமல் அவனால் இருக்கமுடியாது. தேங்காய் துருவ ஒன்று செய்தான். துருவல் கூரை ஓட்டில் போய் ஒட்டியது; எறும்புகளுக்கு அது நல்ல வருடம். சீலை துவைக்க ஒன்று செய்தான். மனைவி கம்சாயினியின் கூறைச் சீலை நாடா நாடாவாக வெளியே வந்தது.

"இனி நீங்க செய்யிற ஒண்டுக்குக் கிட்டவும் நான் வரமாட்டன்" என்றாள் அவள். ஆறு வருடமாக வரவில்லை.

அவள் பாலர் பாடசாலை ஆசிரியை. காலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கவேண்டும் என்பதுதான் உதயரூபனின் ஆசை. யாரும் கேட்டால் சுற்றாடல், புகை என்று பெரிய விசயமாகச் சொல்வான்.

பழைய இன்ஜினைக் கழற்றிய இடத்தில் மோட்டர் தானாக நிற்காது. இருபுறமும் அதற்கென்று வெட்டிய இரும்புத் தகடுகள் தாங்கவேண்டும். பிஸ்கட் பெட்டி மட்டையில் அளவு வெட்டி, செங்கலடியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் வினாயகமூர்த்தியிடம் கொண்டுபோனான்.

"இது நீ வெட்டினதா, மச்சான், இல்ல எலி வெட்டினதா?"

"ரெண்டு பேரும் சேந்துதான். நீ வெட்டித் தா."

தகடுகள் பொருந்தின. தனியாகப் பெரிய ரோட்டுவரை ஓட்டிப்போய்த் திரும்பினான். சத்தமே இல்லாததால் நடுவழியில் நின்ற ஆடுகூட விலகவில்லை. அதை அவன் வெற்றி என்று எடுத்துக்கொண்டான்.

ஒரு திங்கட்கிழமை பஸ் வரவில்லை. கம்சாயினி மணிக்கூட்டைப் பார்த்தாள், மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள். ஏறினாள்.

கோயிலடிவரை போனார்கள். அங்கே செயின் நறநறவென்றது. மோட்டர் முனகி நின்றது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மறுகா கதைப்பம்" என்று இறங்கிய அவள், வந்த ஓட்டோ ஒன்றை மறித்துப் போய்விட்டாள். அவன் தள்ளிக்கொண்டு திரும்பினான். இந்தமுறை ஆடு விலகி வழிவிட்டது.

பின்னேரம் அவளிடம் விளக்கினான். "ஆள் ஏறினா வண்டி பதிஞ்சு பின்சில்லு மேல எழும்பும். அப்ப மோட்டருக்கும் சில்லுக்கும் இடையில தூரம் கூடி செயின் இறுகும். நான் ஏறி அளந்து பாத்தன், சரியா இருந்தது. ரெண்டு பேர் எண்டா செயின் காணாது. தகட்டை மாத்தி மோட்டரைப் பின்னுக்கு இறக்கோணும்."

"அப்ப ரெண்டு பேருக்கு நீங்க அளக்கல்ல."

மூன்று வருடமாக மனதில் அவளைப் பின்னால் வைத்து ஓட்டியவன், அளவெடுக்கும்போது தன்னை மட்டும் வைத்து அளந்திருந்தான். அவனுக்கே அது இப்போதுதான் விளங்கியது.

"நீ ஏறுவாயெண்டு நான் நம்பல்ல" என்றான்.

"நானுந்தான் நம்பல்ல" என்றாள். "மட்டை எங்க?"

சனிக்கிழமை முற்றத்தில் அளவெடுத்தார்கள். இருவர் பாரம் வேண்டும். ஆனால் அவன் கீழே குந்தியிருந்தால்தான் கோடு போடலாம். ஓட்டுபவன் இடத்தில் ஒரு நெல்மூடையை ஏற்றிக் கட்டினான். மூடை அவனைவிட ஏழு கிலோ கூட. அதன் பின்னால் கம்சாயினி ஏறி, விழாமலிருக்க அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அன்னப்பூரணி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க கா பயணம்?"

"புருசனோட ஊர் சுத்தப் போறன்."

"ஆள் கொஞ்சம் உடம்பு வச்சிட்டார் போல?"

"ஓம். கதையும் குறைஞ்சிட்டு."

கீழே இருந்தவன் சிரிக்காமல் மட்டையைத் தகட்டின் இடத்தில் பிடித்து, பென்சிலால் ஓட்டைகளை வட்டமிட்டான். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மட்டையை மறுபடி பிடித்து இன்னொருமுறை வட்டமிட்டான், பிறகும் ஒருமுறை.

"அந்த ஓட்டைக்கு வட்டம் போடுறது இது மூணாந்தரம்" என்றாள் கம்சாயினி, இறங்காமலே.